சாமுராய்: எமிக்கு லூப்பே கொடுத்த இன்னொரு வாழ்க்கை

அமெரிக்க ராப் பாடகர் லூப்பே ஃபியாஸ்கோவின் ‘சாமுராய்’ ஆல்பம் 2024 ஜூன் கடைசியில் வந்தது. அன்றிலிருந்து என் போனில் இருக்கிறது. எட்டே பாட்டு, மொத்தம் அரை மணி நேரம்தான் என்பதால் வாரத்துக்கு ஒரு தடவையாவது முழுசாக ஓடிவிடும்.

முதல் வாரம் ஏமாற்றம்தான். பிரிட்டிஷ் பாடகி எமி வைன்ஹவுஸை மனதில் வைத்துச் செய்தது என்றதும், 2011-இல் 27 வயதிலேயே போய்விட்ட பெண்ணுக்கு ஓர் ஒப்பாரியை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். ஆனால் இதன் விதை வேறு. எமியைப் பற்றி ஆசிஃப் கபாடியா எடுத்த 2015 ஆவணப்படத்தில், தான் பேட்டில் ராப் எழுதுவதாக எமி தயாரிப்பாளர் சலாம் ரெமியிடம் சொன்ன விஷயம் வரும். சாமுராய் என்ற சொல்லும் அங்கிருந்துதான். பேட்டில் ராப் என்பது நம் எசப்பாட்டு மாதிரி, எதிரில் நிற்பவரைச் சொல்லாலேயே மடக்குகிற கலை. எமி அந்த மேடையில் ஏறியிருந்தால்? அதைத்தான் லூப்பே கதையாகக் கட்டுகிறார்.

நான் கேட்கச் சொன்னவர்களில் இரண்டு பேர் சொன்னது மறக்கவில்லை. ராப் பைத்தியமான நண்பன், “பீட் தூங்குதுடா” என்றான். இசை முழுக்க சவுண்ட்ட்ராக் என்ற தயாரிப்பாளருடையது. 2006-இல் லூப்பேவுக்கு ‘கிக், புஷ்’ பாட்டைப் போட்டுக் கொடுத்த அதே ஆள். அந்த வேகத்தை எதிர்பார்த்தவனுக்கு இந்த ஜாஸ் வாடை சப்பென்று இருந்திருக்கும். எனக்கு அதுதான் பிடித்தது. சத்தம் அடங்கி இருப்பதால் ஒவ்வொரு எதுகையும் காதில் தனியாக விழுகிறது. பத்து விநாடி பின்னால் தள்ளித் தள்ளிக் கேட்டு, நோட்டில் எழுதிப் பார்த்திருக்கிறேன். ‘நம்பர் ஒன் ஹெட்பேண்ட்’ என்ற தலைப்பை விளக்கியதும் அவன்தான். ‘ஆஃப்ரோ சாமுராய்’ அனிமேயில் முதலிடத்தில் இருக்கும் வீரன் நெற்றியில் கட்டுகிற பட்டை அது. அதற்குப் பிறகு அந்தப் பாட்டே வேறாகக் கேட்டது.

அக்கா சொன்னதுதான் உறைத்தது. எமி என்றால் அவளுக்கு உயிர். “செத்துப்போனவ வாயில இவரு எதுக்குப் பேச்சை வைக்கணும்?” என்றாள். நியாயமான கேள்வி. பல நாள் யோசித்தேன். எமியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் குடி, போதை, கேமராக் கூட்டம் என்று அவர் விழுந்த கதையையே சொல்கிறார்கள். லூப்பே பேசுவது அவர் எழுத்தை. சொல் கையில் இருக்கிற ஒருவர், இன்னொரு சொல்காரருக்குச் செய்கிற மரியாதையாகத்தான் எனக்கு இது படுகிறது. அக்கா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் ஒருநாள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள், ‘பேலஸஸ்’ ஓடும்போது கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். “இதை மட்டும் திரும்பப் போடு.”

குறையும் உண்டு. பின்னணி தெரியாமல் கேட்டால் கதைச் சரடு கைக்குச் சிக்காது. இன்னும் இரண்டு பாட்டு இருந்திருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது.

கடைசிப் பாட்டு முடிந்ததும் இப்போதெல்லாம் எமியின் 2003 ஆல்பமான ‘ஃப்ராங்க்’கைப் போட்டுவிடுகிறேன். முன்பு குரலில் மயங்கி நிற்பேன். இப்போது வரி முடிகிற இடத்தில் அவர் வைக்கிற குத்து காதில் விழுகிறது.