'எம்9' என்று சொல்லி விற்கும் அப்பிள் கன்றுகள்: வாங்க முதல் வாசியுங்கள்

நவம்பர் வந்தால் வெறும் வேரோடு அப்பிள் கன்று விற்கத் தொடங்கிவிடுவார்கள். பிரித்தானியாவில் அலொட்மென்ற், அதாவது வாடகைக்கு எடுத்த தோட்டத்துண்டு, வைத்திருக்கும் நம்மவர்கள் ஓடர் போட முதல் இதைப் பாருங்கள். ஒன்லைனில் கன்று விற்கும் ஒரு நர்சரி, எம்9 (மரத்தைக் குட்டையாக வைத்திருக்கும் ஒருவகை அடிமரம்) என்று சொல்லி எனக்கு வேறெதிலோ ஒட்டின மரத்தை விற்றிருக்கிறது.

ஒட்டுக்கன்றின் அடிப்பாகம்தான் ரூட்ஸ்டொக். பழம் எந்த இனம் என்பது மேலே ஒட்டிய கிளையைப் பொறுத்தது. மரம் எவ்வளவு உயரும், எந்த வருடம் காய்க்கும் என்பதெல்லாம் பெரும்பாலும் அடிப்பாகத்தின் கையில். இந்த நாட்டில் புழங்கும் ரூட்ஸ்டொக் எண்கள் அநேகமாக கென்ற்றில் உள்ள ஈஸ்ற் மோலிங் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து வந்தவை. எம்27 ஆளுயரத்தோடு நின்றுவிடும். எம்9 எட்டுப் பத்து அடி. இரண்டு மூன்று வருடத்தில் காய்க்கும், ஆனால் வேரில் பலமில்லை, கடைசிவரை முட்டுக்கம்பு வேண்டும். எம்எம்106 பன்னிரண்டு பதின்மூன்று அடி. எம்25 பதினைந்தையும் தாண்டும், காய்க்க ஐந்தாறு வருடம் எடுக்கும். முழு வளர்ச்சியில் நூறு கிலோவுக்கு மேலும் தரும், அதற்குக் காணி வேண்டும். எங்கள் அலொட்மென்றில் குட்டை மரத்துக்கு மட்டும்தான் அனுமதி.

நானும் பக்கத்துத் துண்டு அண்ணையும் ஒரே குளிர்காலத்தில் ஒரே இனம், ஃபியெஸ்ரா, நட்டோம். அவர் வாங்கியது வேறு இடத்தில், எம்9. மூன்றாவது கோடையிலேயே அவருடைய மரம் காய்ப் பாரத்தில் வளைந்து நின்றது. என்னுடையது பூவே காட்டாமல் ஈட்டி ஈட்டியாக மேலே போனது. அவர் ஒருநாள் இரண்டு மரத்தையும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அவருடையது முட்டுக்கம்பு இருந்தும் அசைந்தது. என்னுடையது அசையவேயில்லை. "தம்பி, உது எம்9 இல்லை. ஒட்டின இடத்தைப் பாரும்" என்றார். அவருடைய மரத்தில் அந்த இடம் முழங்கால் மூட்டுப்போல் வீங்கியிருந்தது. என்னுடையதில் கீழும் மேலும் ஒரே தடிப்பு.

நர்சரிக்கு எழுதினேன். முதலில் "பொறுமையாக இருங்கள்" என்றார்கள். பிறகு மண்ணில் உரம் கூட என்றார்கள். அதன்பிறகு, ஒட்டை மண்ணுக்குள் புதைத்திருப்பீர்கள் என்றார்கள். புதைத்தால் மேல்கிளையே வேர் விட்டு மரம் பெருக்கும், அது உண்மைதான். ஆனால் என் மரத்தில் ஒட்டு மண்ணுக்கு மேலே நாலு விரல் உயரத்தில் இருந்தது. அளவுநாடா வைத்துப் படமெடுத்து அனுப்பினேன். அதற்குப் பதில்: உத்தரவாதம் 12 மாதம்தான், முடிந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி பொருள் சொன்ன விபரத்தோடு ஒத்துப்போக வேண்டும். இங்கிலாந்தில் 6 வருடம் வரை வழக்குப் போடலாம். கடைக்காரரின் உத்தரவாதம் அதைக் குறைக்காது. ஓடர் ஈமெயிலில் 'எம்9' என்று இருந்ததால்தான் எனக்குப் பிடி கிடைத்தது. பில்லில் வெறும் 'குட்டை மரம்' என்றுதான் போட்டிருந்தார்கள்! கன்றின் விலை திரும்பி வந்தது. போன வருடங்களுக்கு யாரிடம் பில் போடுவது?

வெட்டி வெட்டிக் குட்டையாக்கலாமே என்று சொல்பவர்களும் உண்டு. குளிர்காலத்தில் பலமாக வெட்டினால் இன்னும் வேகமாகத் தளிர்விடும், காய் இன்னும் பின்னுக்குப் போகும். எங்கள் கமிற்றி மரத்தை எடுக்கச் சொல்லிக் கடிதமே தந்துவிட்டது.

ஆகவே 'குட்டை', 'பற்றியோ மரம்' (முற்றத்தில் வைக்கும் சின்ன மரம்) என்ற சொற்களை நம்பி வாங்காதீர்கள். ரூட்ஸ்டொக்கின் எண்ணைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் வேறு கடை பாருங்கள். கன்றில் கட்டிவரும் பெயர்த்துண்டையும் விற்பனைப் பக்கத்தையும் வாங்கும் அன்றே படமெடுத்து வையுங்கள்.

பணம் திரும்பி வந்த கிழமையும் அதே பக்கத்தில் அதே கன்று 'எம்9' என்றே விற்பனைக்கு இருந்தது. சிற்றிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பு ஊடாக, வியாபாரிகளைக் கண்காணிக்கும் ட்ரேடிங் ஸ்ராண்டர்ட்ஸுக்கு முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். இதே மாதிரி மாட்டுப்பட்டவர்கள் நீங்களும் கொடுங்கள்.