நானோ புதைபடிவங்களுக்கு எது: போலரைசிங் மைக்ரோஸ்கோப்பா, எஸ்.இ.எம்.மா?

நானோ புதைபடிவங்கள் என்பவை கடலடி மண்ணில் கிடக்கும், மிக நுண்ணிய கடல் பாசிகளின் சுண்ணாம்பு எச்சங்கள். அவற்றைப் பார்க்க, எங்கள் ஆய்வகத்தில் இருந்த பணத்துக்கு இரண்டில் ஒன்றுதான் சாத்தியம். 100 மடங்கு எண்ணெய் லென்ஸோடு ஒரு போலரைசிங் மைக்ரோஸ்கோப் வாங்கலாம், இல்லையென்றால் வெளியே எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு, அதாவது எஸ்.இ.எம்.முக்கு, மணிக்கணக்கில் கட்டணம் கட்டலாம். மைக்ரோஸ்கோப்பை வாங்கினோம்.

படத் தெளிவில் எஸ்.இ.எம். ஜெயிக்கும், அதில் பேச்சே இல்லை. செலவிலும் வேகத்திலும் மைக்ரோஸ்கோப். பல்குச்சி நுனியளவு மண்ணைத் தண்ணீரில் குழைத்துக் கண்ணாடியில் தேய்த்து, காயவைத்து ஒட்டினால் ஸ்லைடு தயார். தங்கப் பூச்சும் வேண்டாம், வெற்றிடமும் வேண்டாம்.

ஆனால் நான் மைக்ரோஸ்கோப் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் வேறு. இந்தப் புதைபடிவங்கள் எல்லாம் கால்சைட் படிகங்கள். படிகத்தின் ஒளி அச்சு, அதாவது ஒளி இரண்டாகப் பிரியாமல் செல்லும் திசை, படுத்திருந்தால் கிராஸ்டு நிக்கலில் (ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த இரண்டு போலரைசர்களுக்கு நடுவே) ஒளிரும், நம்மை நோக்கி நிமிர்ந்து நின்றால் இருண்டுவிடும். காக்கோலித்தஸ் பெலாஜிக்கஸ் என்ற இனத்தைப் பாருங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தட்டுகள் கொண்டது. அதன் வெளித்தட்டு மங்கி, உள்தட்டும் நடுப்பகுதியும் மட்டும் ஒளிரும். ரெட்டிகுலோஃபெனஸ்ட்ரா என்ற பேரினத்தில் இரண்டு தட்டுகளுமே ஒளிரும். கொஞ்சம் தேய்ந்துபோன மாதிரியிலும் இந்த வித்தியாசம் பெரும்பாலும் கைகொடுக்கும். எஸ்.இ.எம். காட்டுவது மேற்பரப்பை மட்டும்தான். வெளிமுகம் மேலே இருந்தால் உள்தட்டு மறைந்துவிடும், ஒளி அச்சின் திசையும் தெரியாது.

மேடையைச் சுழற்றுவது இன்னொரு வசதி. ஸ்ஃபெனோலித்தஸ் ஹெட்டரோமார்ஃபஸ் என்ற இனத்தின் முள் போலரைசரின் திசைக்கு 45 டிகிரியில் பளிச்சென்று இருக்கும், அந்தத் திசையோடு நேராக நிறுத்தினால் அணைந்துவிடும். பாறை அடுக்குகளின் வயதைக் கணிக்க மார்ட்டினி என்ற ஆய்வாளர் 1971-இல் வகுத்த மண்டலங்களில் என்.என்.5-இன் மேல் எல்லையே இந்த இனம் மறையும் இடம்தான். டிஸ்கோஆஸ்டர் நட்சத்திரங்களோ கிராஸ்டு நிக்கலில் கிட்டத்தட்டக் காணாமலே போகும். அவற்றைத் தேட மேல் போலரைசரை விலக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் இதை மறந்துவிட்டு ‘டிஸ்கோஆஸ்டரே இல்லை’ என்று எழுதிவிடுவது உண்டு.

எஸ்.இ.எம். இல்லாமல் தீராத இடமும் இருக்கிறது. எமிலியானியா ஹக்ஸ்லி என்ற இனத்தை, அதைப் போலவே இருக்கும் சின்ன ஜெஃபைரோகேப்சா இனங்களிலிருந்து பிரிக்க, தட்டின் கதிர்களுக்கு நடுவே உள்ள இடுக்குகளைப் பார்த்தாக வேண்டும். அந்த அளவுக்கு ஒளி நுண்ணோக்கி எட்டுவதில்லை. அப்படிப்பட்ட சில மாதிரிகளை மட்டும் வெளியே அனுப்புகிறோம்.

நான் அதிகம் பார்த்தது நியோஜீன் காலத்து (சுமார் 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய காலம்) கடலடி மண். அரியலூர்ப் பக்கத்துக் காரை களிப்பாறை போன்ற, டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்து மாதிரிகளில் பழக்கம் குறைவு, அதனால் அங்கும் இதே தீர்ப்புத்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.