வாவிப் படகுச் சவாரி: ஐந்துக்கு மூன்றரை

கனடாவில் இருந்து தங்கச்சியின் மகன் வந்திருந்தான். "பெரியம்மா, நீங்க பிறந்த இடத்தைக் காட்டுங்க" என்றான். நடந்தே காட்டியிருக்கலாம், மட்டக்களப்பு வாவிக்குள் இருக்கிற எங்கள் புளியந்தீவு அவ்வளவு சின்ன இடம். ஆனால் மட்டக்களப்பு வெயில் அவனுக்கு ஒத்துவரவில்லை. சரி, வாவியில் போவோம் என்று ஆளுக்கு 1500 ரூபாய் கட்டினேன்.

நாலரைக்கு என்றார்கள், புறப்பட ஐந்தேகால் ஆயிற்று. என்னுடைய லைஃப் ஜாக்கெட்டில் கொளுவி உடைந்திருந்தது. படகோட்டித் தம்பி நைலோன் கயிற்றால் இறுக்கிக் கட்டி, "இனி நீங்க நினைச்சாலும் தாழமாட்டீங்க அக்கா" என்றார். அதற்காகவே அரை நட்சத்திரம் கூட்டியிருக்கிறேன்.

கல்யாணம் முடித்து கல்லடிக்குப் போகும்வரை நான் இருந்தது இந்தத் தீவில். ஆனால் அது தீவு என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. பெரிய பாலத்தில் சைக்கிளை மிதித்தால் கோட்டைமுனை, அவ்வளவுதான். படகு கரையை விட்டு விலகிய பிறகுதான் விளங்கியது. கோட்டைச் சுவர் வாவிக்கரையில் இருந்தே எழும்பி நிற்கிறது. தண்ணீரில் வருகிறவனைப் பார்த்துக் கட்டிய இடம் இது. நாங்கள் எல்லோரும் அதன் முதுகுப்புறம்தான் குடியிருந்திருக்கிறோம்.

வழிகாட்டப் படகில் ஏறிய பொடியன் அதை ஒல்லாந்தர் கட்டிய கோட்டை என்றான். இல்லை. 1628 இல் போர்த்துக்கேயர் கட்டினார்கள். பத்தே வருடத்தில் கண்டி அரசன் இராஜசிங்கனோடு கூட்டுச் சேர்ந்து ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். எங்களுக்கு என்னவோ அது கச்சேரிதான், அரசாங்க அலுவலகம். சின்ன வயதில் அப்பாவோடு போய், ஒரு கடுதாசிக்காக மரத்தடியில் காத்துக் கிடந்த இடம்.

வில்லியம் ஓல்ட் கதையைப் பொடியன் நன்றாகச் சொன்னான். 1814 இல் வந்து, அடுத்த வருடமே இந்த ஊரிலேயே இறந்துபோன மெதடிஸ்தப் பாதிரியார் அவர். மத்திய கல்லூரி அவரிடமிருந்துதான் தன் கணக்கைத் தொடங்குகிறது. ஆனால் 1873 இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரி பற்றி ஒரு சொல் இல்லை. அமெரிக்க யேசுசபைக் குருமார் ஊட்டிவிட்ட கூடைப்பந்துப் பைத்தியம் இன்னும் தெளியாத பழைய மாணவன் எவனாவது ஏறியிருந்தால், பொடியனை வாவிக்குள் தள்ளியிருப்பான்.

எனக்குள்ள பெரிய குறை வேறு. தீவைச் சுற்றிக் காட்டுவோம் என்றவர்கள் கோட்டைப் பக்கமும் கல்லடிப் பாலமும் காட்டிவிட்டுத் திரும்பிவிட்டார்கள். சுவரையும் பாலத்தையும் பற்றிப் பேசினார்கள், சனத்தைப் பற்றி ஒன்றுமில்லை. ஆகவே எஞ்சின் இரைச்சலுக்கு மேலாகக் கத்தி, மகனுக்கு நானே சொன்னேன். எங்கள் ஒழுங்கையில் ஒரு பக்கம் ஆனைப்பந்திப் பிள்ளையாருக்குப் போகிறவர்கள், மறுபக்கம் மரியாள் கோயில் பூசைக்குப் போகிறவர்கள். நடுவில் ஒரு பறங்கித் தச்சர் வீடு. வெளியே எங்களோடு தமிழ், உள்ளே போர்த்துக்கேயம் கலந்த அவர்களுடைய பாஷை. அங்கே கல்யாணம் என்றால் வயலின் சத்தம் விடியும்வரை கேட்கும். வேலிக்குள் தலையை விட்டு கப்ரிஞ்ஞா ஆட்டம் பார்த்து அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். 1978 நவம்பர் 23 சூறாவளியில் எங்கள் கூரை போனது. மழை விட்டதும் முதல் ஆளாக ஏணியோடு வந்து நின்றவர் அந்த மாமாதான். கூலி பேசவில்லை. மத்தியானம் சோறும் மீன் குழம்பும் மட்டும் கேட்டார். அந்தக் குடும்பம் பிறகு அவுஸ்திரேலியா போய்விட்டது.

1924 இல் கட்டிய பழைய கல்லடிப் பாலத்தடியில் எஞ்சினை நிறுத்தினார்கள். துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மேல் நுனியில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்பார்கள். முழுநிலவு நாளில் நன்றாகக் கேட்குமாம், அன்றைக்குப் போயா, பௌர்ணமி தினம்தான். மகன் நெடுநேரம் காதை வைத்துக்கொண்டிருந்தான்.

"காத்து கூட, இண்டைக்குப் பாடாது தம்பி" என்றார் படகோட்டி. கேட்டது போல நடித்துக் காசை நியாயப்படுத்தாமல் விட்டது எனக்குப் பிடித்தது.

போகிறவர்கள் ஐந்து மணிக்குப் பிறகு போங்கள், தொப்பி கட்டாயம். வழிகாட்டியை விட்டுவிட்டுப் படகோட்டிக்குப் பக்கத்தில் இருங்கள். மறுபக்கத்தையும் சுற்றச் சொல்லி ஏறுவதற்கு முதலே பேசிக்கொள்ளுங்கள்.