ஒரே கோப்பில் நாற்பத்தோரு மில்: எஸ்எஸ்எச் கன்ஃபிக்கோடு எட்டு வருடம்

கோவை, திருப்பூர் பக்கம் ஸ்பின்னிங் மில்களில் மின்சார மீட்டர்களைப் படித்து அனுப்பும் பெட்டிகளைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. பெட்டி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பேனல் போர்டுக்குள் ராஸ்பெரி பை என்ற ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், மீட்டர்களிலிருந்து தரவைக் கொண்டுவரும் ஆர்எஸ்485 வயர், ஒரு 4ஜி டாங்கிள், மூன்று மாதம் தொடாமல் விட்டால் இவற்றின்மேல் விரல் தடிமனுக்குப் பஞ்சு. 2017-ல் ஆறு பெட்டி இருந்தது, இப்போது 41.

இந்தப் பெட்டிகளுக்குள் நுழைவது எஸ்எஸ்எச் வழியாக, அதாவது தூரத்துக் கம்ப்யூட்டருக்குள் பாதுகாப்பாக லாகின் செய்யும் முறை. ஆறு இருந்தவரை எந்தப் பெட்டிக்கு எந்த முகவரி, எந்த போர்ட் (நுழையும் கதவின் எண்), எந்த யூசர் என்பதை டைரியில் எழுதி வைத்திருந்தேன். பன்னிரண்டு ஆனபோது எனக்கு நானே வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டேன். அப்புறம் கட்டளை அடிக்கும் ஷெல்லில் ஏலியாஸ் என்ற சுருக்கப்பெயர். ஒரு நாள் அவிநாசிப் பெட்டிக்கு ஒரு ஃபைலை அனுப்ப எஸ்சிபி அடித்தபோதுதான் உறைத்தது: ஏலியாஸ் எஸ்எஸ்எச்சுக்கு மட்டும்தான், எஸ்சிபிக்கு அது தெரியாது. அன்றைக்குத்தான் ஹோம் டைரக்டரியில் புள்ளி-எஸ்எஸ்எச் ஃபோல்டருக்குள் கன்ஃபிக் என்ற கோப்பை முதன்முதலாகத் திறந்தேன்.

புதிதாக எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். லினக்ஸ், மேக், இன்றைய விண்டோஸ் எல்லாவற்றிலும் எஸ்எஸ்எச்சுக்கான ஓப்பன்எஸ்எஸ்எச் புரோகிராம் கூடவே வருகிறது. ஹோஸ்ட் என்று தொடங்கி ஒரு செல்லப்பெயர், அதன்கீழே ஹோஸ்ட்நேம் (முகவரி), போர்ட், யூசர், ஐடென்டிட்டிஃபைல் (லாகின் சாவிக் கோப்பு) என்று நாலு வரி. அதற்கப்புறம் 'எஸ்எஸ்எச் பல்லடம்' என்றால் பல்லடம். ஃபைல் நகலெடுக்கும் எஸ்சிபி, ஆர்சிங்க், மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட், பல கம்ப்யூட்டர்களை ஒன்றாக நிர்வகிக்கும் ஆன்சிபிள், விஎஸ்கோடு எடிட்டரின் ரிமோட் வசதி என எல்லாமே அதே கோப்பைத்தான் பார்க்கின்றன. ஒரு போர்ட் மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும்.

எங்கள் கதையில் ஒரு சிக்கல் உண்டு. சிம் கார்டு நெட்டில் இருக்கும் பெட்டிக்குள் வெளியிலிருந்து நேராக நுழைய முடியாது. பல சந்தாதாரர்கள் ஒரே பொது ஐபிக்குப் பின்னால் இருப்பார்கள். அதனால் பெட்டியே நாங்கள் வாடகைக்கு எடுத்த சர்வருக்கு எஸ்எஸ்எச் போட்டு, ரிமோட்ஃபார்வர்ட் மூலம் அங்கே ஒரு போர்ட்டைத் திறந்து வைத்துக் காத்திருக்கும். பல்லடத்துக்கு 2203, அவிநாசிக்கு 2204 என்று ஒதுக்கியிருக்கிறோம். நான் சர்வரைத் தாண்டிக்குதித்து, அதன் லோக்கல்ஹோஸ்டில் (சர்வர் தன்னையே குறிக்கும் முகவரி) அந்த போர்ட்டைப் பிடிக்க வேண்டும். ப்ராக்ஸிஜம்ப் என்ற ஒற்றை வரி இதைச் செய்துவிடும். லாகினுக்கான ரகசியக் கோப்பான என் தனிச்சாவி லேப்டாப்பை விட்டு நகர வேண்டியதில்லை, சர்வரில் ஒரு பிரதிகூடத் தேவையில்லை. அந்த வரி 2016-ல் ஓப்பன்எஸ்எஸ்எச்சின் 7.3 பதிப்பில்தான் வந்தது. என் லேப்டாப்பின் உபுண்டு 16.04 லினக்ஸில் இருந்ததோ 7.2! இரண்டு வருடம் அதே வேலைக்கு ப்ராக்ஸிகமாண்ட் என்ற நீள வாலைக் கட்டிக்கொண்டு அழுதேன். 18.04-க்கு மாறிய அன்று அத்தனை வால்களையும் வெட்டினேன்.

அதிகம் படுத்தியது, பெட்டி சர்வரில் இப்படித் திறந்து வைக்கும் பாதையான டன்னல்தான். ராத்திரி ஷிஃப்ட் சூப்பர்வைசர் கூப்பிடுவார், "சார், ரிப்போர்ட் வரலீங்க." பார்த்தால் பெட்டி உயிரோடு இருக்கும், சர்வரோடு இணைப்பும் இருக்கும், போர்ட் மட்டும் இருக்காது. நடந்தது இதுதான்: 4ஜி அறுந்து மறுபடி ஒட்டும்போது பெட்டி புதிதாக இணையும். ஆனால் பழைய இணைப்பு செத்தது சர்வருக்குத் தெரியாததால், 2203 இன்னும் அந்தப் பிணத்தின் கையிலேயே இருக்கும். புதிய இணைப்பு போர்ட் கிடைக்கவில்லை என்று ஒரு எச்சரிக்கையை லாக்கில் முணுமுணுத்துவிட்டு சும்மா உட்கார்ந்துகொள்ளும். மருந்து இரண்டு பக்கமும். பெட்டியின் கன்ஃபிக்கில் எக்ஸிட்ஆன்ஃபார்வர்ட்ஃபெயிலியர் யெஸ், சர்வர்அலைவ்இன்டர்வல் 30. சர்வர் பக்கம் கிளையன்ட்அலைவ்இன்டர்வல் 30. இந்த 30 என்பது எதிர்ப்பக்கம் உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் விநாடி இடைவெளி. பதில் வராத இணைப்பை ஒன்றரை நிமிடம்போல் பார்த்துவிட்டு சர்வர் கழற்றிவிடும். போர்ட் கிடைக்காத இணைப்பு தானே செத்து, நின்ற புரோகிராமை மறுபடி ஓடவைக்கும் சிஸ்டம்டி எழுப்பி, மறுபடி முயலும். இந்த மூன்று வரி தெரிவதற்குமுன் மூன்று முறை உடுமலைக்கு பைக்கில் போய் ஸ்விட்சை அணைத்துப் போட்டிருக்கிறேன்.

அடுத்தது வரிசை. இந்தக் கோப்பைப் படிக்கும் விதி நம் இயல்புக்கு எதிரானது. கடைசியாகச் சொன்னது செல்லும் என்றுதானே நினைப்போம்? இங்கே ஒவ்வொரு அமைப்புக்கும் முதலில் கண்ணில் பட்டதே செல்லும். ராஸ்பெரி பைகளில் பழையவற்றில் யூசர் 'பை'. 2022 ஏப்ரலிலிருந்து அந்த இயல்பு யூசரை எடுத்துவிட்டார்கள், புதிய பெட்டிகளுக்கு வேறு பெயர். யூசர் 'பை' உட்படப் பொதுவானதை, எல்லாப் பெயருக்கும் பொருந்தும் 'ஹோஸ்ட் நட்சத்திரம்' என்ற பகுதியில் கோப்பின் அடியில் வைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை, பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று அதைத் தூக்கி உச்சியில் வைத்தேன். அவ்வளவுதான். சர்வர் உட்பட எல்லாவற்றுக்கும் யூசர் 'பை' ஆகிவிட்டது. சர்வரில் அப்படி ஒரு ஆளே கிடையாது. நான் விடாமல் முயல, தவறான லாகின்களைத் தடுக்கும் ஃபெயில்2பேன் எங்கள் ஆஃபீஸ் ஐபியையே கதவடைத்தது. பக்கத்து மேஜைத் தம்பி, "ஏங்ணா, சர்வர் டவுனுங்களா?" என்றான். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதன்பிறகு கோப்பைத் தொட்டால் 'எஸ்எஸ்எச் -ஜி பல்லடம்' அடிக்காமல் விடுவதில்லை. ஜி பெரிய எழுத்து. இணைக்காமலே, அந்தப் பெயருக்கு இறுதியாக எந்த யூசர், எந்த போர்ட், எந்தச் சாவி என்று முழுப் பட்டியலும் கொட்டும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

பெட்டியின் எஸ்டி கார்டு செத்து, புதிதாக எழுதிப் போட்டால் ஹோஸ்ட் கீ (பெட்டியின் அடையாளச் சாவி) மாறிவிட்டது என்று பெரிய எழுத்தில் மிரட்டும். எங்களுக்கு அதைவிட மோசம்: எல்லாப் பெட்டியும் லோக்கல்ஹோஸ்ட் என்பதால், ஒரு போர்ட்டை வேறு மில்லுக்குக் கொடுத்தாலும் அதே மிரட்டல். பழகிப் பழகி எச்சரிக்கையைப் படிக்காமலே பழைய சாவியை அழிக்க ஆரம்பித்தோம். அது தப்பு, உண்மையான ஆபத்து வந்தாலும் அப்படித்தான் அழித்திருப்போம். ஒவ்வொரு பகுதியிலும் ஹோஸ்ட்கீஏலியாஸ் என்று பெட்டியின் பெயரைக் கொடுத்ததும் சாவி போர்ட்டோடு ஒட்டாமல் பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. இப்போது மிரட்டல் வந்தால் படிக்கிறேன்.

4ஜியில் ஒவ்வொரு லாகினுக்கும் நாலைந்து விநாடி போகும். கன்ட்ரோல்மாஸ்டர், கன்ட்ரோல்பெர்சிஸ்ட் போட்டால் ஒரு இணைப்பை வைத்துக்கொண்டே அடுத்தடுத்த லாகின்கள் சட்டென்று திறக்கும். ருசியான வசதி, ஆனால் அதிலும் ஒரு முள். சோமனூரில் சீரியல் போர்ட்டைத் தொட அனுமதி வேண்டி யூசரை டயல்அவுட் குழுவில் சேர்த்தேன். வெளியே வந்து உள்ளே போனேன், அனுமதி இல்லை. மறுபடி. இல்லை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது: நான் வெளியே வரவே இல்லை. பின்னால் பழைய இணைப்பு அப்படியே நிற்கிறது, குழுப் பட்டியலும் பழையதே. 'எஸ்எஸ்எச் -ஓ எக்ஸிட் சோமனூர்' என்றதும் சரியானது. இங்கேயும் ஓ பெரிய எழுத்து.

குறைகள் இல்லாமல் இல்லை. யூசர் என்பதை யூஸ்ர் என்று தட்டினால் உடனே வரி எண்ணோடு கத்தும், நல்லது. ஆனால் 2203-க்குப் பதில் 2230 என்று தட்டினால் வேறு மில்லில் கொண்டுபோய் விடும். பழைய கோப்பில் மில்1, மில்11 என்று பெயர் வைத்த புத்திசாலி நான்தான். ஓடிக்கொண்டிருந்த மில்11-ஐ ரீபூட் செய்த பிறகுதான் ஊர்ப்பெயருக்கு மாறினேன். உபுண்டு 22.04-க்குப் போனபோது இரண்டு பழைய ரவுட்டர்கள் கையை விரித்தன. 8.8-லிருந்து எஸ்எச்ஏ1 என்ற பழைய முறைக் கையெழுத்தை ஓப்பன்எஸ்எஸ்எச், நாமாக அனுமதித்தாலொழிய, ஏற்பதில்லை. அந்த இரண்டுக்கு மட்டும் அவற்றின் பகுதியிலேயே பழைய முறையை அனுமதித்தேன். நட்சத்திரப் பகுதியில் போட்டிருந்தால் வேலை சுலபம், ஆனால் 41 கதவும் தளர்ந்திருக்கும்.

நடுவில் நாலு மாதம் அழகான ஜன்னல்களோடு வரும் ஒரு மேனேஜர் ஆப்புக்கும் போய்ப் பார்த்தேன். ஃபோல்டர், கலர், தேடல் எல்லாம் இருந்தது. ஆர்சிங்க்குக்கு மட்டும் மறுபடி பழைய கோப்பையே எழுத வேண்டியிருந்தது. திரும்பி வந்துவிட்டேன். இப்போது வேறு கோப்புகளையும் சேர்த்துப் படிக்கும் இன்க்ளூட் வரியால் ஊருக்கொரு கோப்பாகப் பிரித்து, தனிச்சாவிகளைச் சேர்க்காமல், கிட்டில் வைத்திருக்கிறோம். தம்பி திருத்தினால் யார், எப்போது, எதை என்று தெரியும்.

ஹேஷ் குறி போட்டால் அந்த வரியை எஸ்எஸ்எச் கண்டுகொள்ளாது. தமிழிலேயே எழுதலாம். சூலூர் பகுதிக்குமேல் எங்கள் கோப்பில் இருப்பது இது: 'பேனல் சாவி வாட்ச்மேனிடம். மதியம் 2 மணிக்கு ஷிஃப்ட் மாறும், அப்போது ரீபூட் வேண்டாம். டாங்கிளை இடது யூஎஸ்பியில் மட்டும் செருகு.' கடைசி வரியைத் தம்பி போன மாதம் சேர்த்தான். ஏன் இடது என்று இன்னும் கேட்கவில்லை.