பழைய எக்செல் கோப்புகளை மாற்றக் கொடுக்கும் முன்: எங்கள் கடைக் கணக்குக்கு நேர்ந்த கதி

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உள்ள எங்கள் பூக்கடையின் கணக்கை அப்பா 1997 முதலே கணினியில் வைத்திருந்தார். தொடக்கத்தில் லோட்டஸ் 1-2-3 என்ற பழைய கணக்கு மென்பொருள், பிறகு எக்செல். கல்யாண மண்டபங்களுக்குக் கடனாகக் கொடுத்த மாலைகள், கேமரன் மலைப் பூவுக்குக் கொடுக்க வேண்டிய தொகை, தைப்பூச வாரத்து ஆர்டர்கள் என்று மொத்தம் 212 கோப்புகள். கணினியை மாற்றியபோது, இவற்றைப் புதிய ஆஃபீஸுக்கு மாற்றித் தர ஒரு கணினிக் கடைக்காரர் 850 மலேசிய வெள்ளி கேட்டார். "ஒன்றும் குறையாது அக்கா, அப்படியே வரும்" என்றார். பழைய கணினியையே கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் பென் டிரைவ் கைக்கு வந்தது. எண்கள், கட்டங்கள், நிறங்கள் எல்லாம் இருந்தன. பணத்தைக் கொடுத்தேன்.

அன்றிரவு "பாக்கி" பொத்தானை அழுத்தினேன். யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்று பட்டியல் போட அப்பா அமைத்த பொத்தான் அது. மேக்ரோவை, அதாவது பொத்தானுக்குப் பின்னால் இருக்கும் கட்டளைத் தொகுப்பை, இயக்க முடியவில்லை என்ற செய்திதான் வந்தது. சந்தேகம் வந்து 1998 கோப்பைத் திறந்து ஒரு தொகையை மாற்றினேன். கீழே மொத்தம் அசையவே இல்லை. அந்தக் கட்டத்தைச் சொடுக்கினால் சமக்குறி இல்லை, கூட்டல் சூத்திரம் இல்லை, வெறும் 4,310.

எக்செலின் பழைய வடிவமான எக்ஸ்எல்எஸ் கோப்புக்குள் மேக்ரோவும் சேர்ந்தே இருக்கும். புதிய எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவத்தில் அதற்கு இடமில்லை; எக்ஸ்எல்எஸ்எம் என்று சேமிக்க வேண்டும். எக்ஸ்எல்எஸ்எக்ஸாகச் சேமித்தால் மேக்ரோ போய்விடும் என்று எக்செலே எச்சரிக்கும். அந்த மனிதர் ஒவ்வொரு முறையும் "ஆம்" என்று அழுத்திக்கொண்டே போயிருக்கிறார். லோட்டஸ் கோப்புகளை எக்செல் 2007 முதல் திறக்கவே முடியாது. அவற்றிலிருந்து எண்களை மட்டும் எடுத்து ஒட்டியிருக்கிறார். லிப்ரே ஆஃபீஸ் என்ற இலவச மென்பொருள் அவற்றைத் திறக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. காசு வாங்கியவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

மறுநாள் போய்க் கேட்டேன். "சூத்திரம் வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லையே" என்றார். மூலக் கோப்புகளையாவது கொடுங்கள் என்றேன். பழைய ஹார்டு டிஸ்க்கை ஃபார்மெட் செய்து எல்லாவற்றையும் அழித்துவிட்டாராம், அதுவும் இலவசமாக! எனக்குக் கை நடுங்கியது. வருமான வரிக்கு ஏழு ஆண்டுக் கணக்கைக் காட்டும் நிலையில் வைத்திருக்க வேண்டிய கடை எங்களுடையது.

மூலத்தின் நகல் ஒன்று உங்கள் வீட்டில் இல்லாமல் எவரிடமும் கோப்புகளைக் கொடுக்காதீர்கள். பணம் கொடுக்கும் முன் கடையிலேயே உட்கார்ந்து, மொத்தம் வரும் கட்டங்களைச் சொடுக்கிப் பாருங்கள். ஓர் எண்ணை மாற்றுங்கள், மொத்தம் மாறுகிறதா என்று பாருங்கள். பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். அவர்கள் முகம் சுளித்தாலும் எழுந்திருக்காதீர்கள்.

அப்பாவின் அலமாரியில் 2004 வரையிலான கோப்புகள் ஒரு குறுவட்டில் கிடைத்தன. அவை உயிரோடு இருக்கின்றன. அதற்குப் பிந்தியவற்றில் "பாக்கி" பொத்தான் செய்த வேலையைக் கடை அடைத்த பிறகு நானே கையால் செய்து வருகிறேன். நேற்று 2011 முடிந்தது.