யாழ்ப்பாணத்தில் பழைய வீடு திருத்துபவர்களுக்கு: ஓடா, பிளற்றா, சீற்றா?

பழைய வீட்டைத் திருத்தப் போகிறோம் என்றதும் எல்லோரும் பேசத் தொடங்குவது ரைல்ஸ் பற்றித்தான். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் நிறத்தைத் தெரிந்து வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். முகட்டில் ஓடு எப்படி இருக்கிறது என்று யாரும் ஏறிப் பார்த்திருக்க மாட்டார்கள். தரை முடிந்து ஒரு மாரி வந்ததும் ஒழுக்குத் தேடும் மேசன் அந்தப் புது ரைல்ஸ் மேலேயே ஏணியைச் சாத்துவார். அதனால் கூரையிலிருந்து தொடங்குவோம். இருக்கிற ஓட்டைத் திருத்தலாம், தகரமோ அஸ்பெஸ்ரஸோ சீற் போடலாம், அல்லது எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் பிளற், அதாவது தட்டையான கொங்கிறீற் கூரை, அடிக்கலாம்.

பிளற் மேல் ஆசை வருவது நியாயம்தான். தேங்காய் விழுந்தால் உடையாது, கறையான் பயம் இல்லை, பிறகு மேல்மாடியும் எடுக்கலாம். ஆனால் சுவர் தாங்குமா? பத்துக்குப் பத்து அடி அறைக்கு 5 அங்குலத் தடிப்பில் கொங்கிறீற் போட்டால் ஏறக்குறைய 3 தொன் வரும். அதே அறையின் ஓடும் மரமும் சேர்ந்தாலும் முக்கால் தொன்னைத் தாண்டுவது அரிது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950-இல்தான் வந்தது. அதற்கு முந்திய வீடு என்றால் சுவர் அநேகமாகச் சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான். இவ்வளவு காலமும் அது சுமந்தது பாரம் குறைந்த கூரையை. தூண் எழுப்பாமல், அத்திவாரத்தைத் தோண்டிப் பார்க்காமல் நேரே அந்தச் சுவரின் மேல் பிளற்றை ஏற்றச் சொல்பவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம். யுத்தகாலத்தில் ஷெல் விழுந்து வெடித்த சுவரை மேலால் பூசி மறைத்த வீடுகளும் இங்கே உண்டு. பூச்சைத் தட்டி உதிர்த்துப் பார்த்த பிறகுதான் எதையும் முடிவெடுக்க முடியும்.

உப்பு இன்னொரு தொல்லை. கரையோர மணலைக் கழுவாமல் போட்டு, சவர்த் தண்ணீரில் குழைத்த கொங்கிறீற்றுக்குள் கம்பி கறள் பிடித்து வீங்கும். சில வருடங்களில் பிளற்றின் அடிப்பக்கம் செதில் செதிலாகக் கழரும். கடலுக்குக் கிட்ட இருப்பவர்கள் மணல் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் ஒரு லோட்கூட இறக்கக் கூடாது.

சீற் மலிவு, வேலையும் விரைவு. கிணற்றடிக்கோ விறகுக் கொட்டிலுக்கோ அது போதும். படுக்கை அறைக்கு என்றால் நான் மாட்டேன் என்பேன். சித்திரை வெக்கையில் தகரச் சீற்றின் கீழ் மத்தியானம் இருந்து பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அஸ்பெஸ்ரஸ் சீற்றின் தூசு புற்றுநோய் தரக்கூடியது என்பது உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்வது. 2018-இலிருந்து அதைக் கட்டுப்படுத்த இலங்கை அரசாங்கம் எடுத்த முடிவு, ரஷ்யா எங்கள் தேயிலையை நிறுத்திவைத்த கையோடு பின்வாங்கப்பட்டது. ஆகவே கடையில் கிடைக்கிறது என்பதை வைத்து ஆபத்தில்லை என்று எண்ண முடியாது. பழைய அஸ்பெஸ்ரஸ் கூரையைக் கழற்றுவதென்றால் உடைக்காமல், தண்ணீர் தெளித்து, முழுதாக இறக்க வேண்டும்.

என் வாக்கு ஓட்டுக்குத்தான். பழைய மங்களூர் ஓடுகளை இறக்கித் தட்டிப் பார்த்தால் பெரும்பாலானவை இன்னும் கணீர் என்று ஒலிக்கும். பழுதாகிப் போவது கீழே இருக்கும் மரம். உக்கிய சிலாகையையும் கறையான் அரித்த வளையையும் மாற்றினால் கூரை மீண்டும் நிமிரும். மாற்றும் பனைமரம் முதிர்ந்ததாக, கறுத்த வைரம் உள்ளதாக இருக்க வேண்டும். சொந்த வளவில் நின்றாலும் பனையைத் தறிக்க அனுமதி வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. அதிகம் பேர் தவறுவது புது ஓட்டையும் பழைய ஓட்டையும் கலக்கும் இடத்தில். ஒவ்வொரு தொழிற்சாலை ஓட்டின் பள்ளமும் விளிம்பும் கொஞ்சம் வேறுபடும். கலந்து அடுக்கினால் பொருந்தாமல் அந்த இடைவெளியால் தண்ணீர் இறங்கும். நல்ல பழைய ஓடுகளை எல்லாம் ஒரு பக்கத் தாழ்வாரத்துக்கும் புதியதை மறுபக்கத்துக்கும் போட்டால் சரி. ஓட்டில் குறை இல்லாமல் இல்லை: வருடா வருடம் ஐப்பசிக்கு முன் ஆள் ஏறிப் பார்க்க வேண்டும், அந்த வேலை பழகியவர்களோ குறைந்துகொண்டே வருகிறார்கள்.

சுவரில் சுண்ணாம்புப் பூச்சும் சீமெந்துப் பூச்சும் போட்டி. சீமெந்து கடினம், பார்க்கவும் வழுவழுப்பு. ஆனால் அடியிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியேறி உலரும். சீமெந்து அதை உள்ளே அடைத்துவிடும். பிறகு உப்புப் பூத்து, பெயின்ற் கொப்பளித்து, பூச்சு பலகையாகக் கழன்று விழும், பழைய கல்லின் தோலையும் இழுத்துக்கொண்டு. ஈரத்தை மறைக்க மூன்றடிக்குச் சுவர் ரைல்ஸ் ஒட்டினால் ஈரம் நாலாவது அடியில் தெரியும், அவ்வளவுதான். புதிய சீமெந்துக்கல் சுவருக்குச் சீமெந்து, பழைய சுவருக்குச் சுண்ணாம்பு. இதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை.

நாலு பக்கமும் அறையும் நடுவில் திறந்த முற்றமுமான நாற்சார் வீட்டில் அந்த முற்றத்தைச் சீற் போட்டு மூடி ஹோல் ஆக்குவது இப்போது பெருகிவிட்டது. காற்று ஏறி வெளியே போகும் வழியை அடைத்துவிட்டு, பிறகு ஏசி வாங்குகிறார்கள்!

அப்புறம் பாத்ரூம். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அது உள்ளேதான் இருக்க வேண்டும். பின்வளவுக்கு இருட்டில் யாரையும் நடக்க விடக் கூடாது. பிழை நடப்பது மலக்கிடங்கில். பைப் செலவை மிச்சம் பிடிக்க அறைக்குப் பக்கத்திலேயே கிடங்கு வெட்டுவார்கள், அது கிணற்றுக்குக் கிட்ட வந்துவிடும். எங்கள் நிலத்தின் கீழே இருப்பது வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல். அழுக்குத் தண்ணீர் மண்ணில் வடிபடாமல் நேரே கிணற்றுக்குப் போய்விடும். அறை எந்தப் பக்கம் வந்தாலும் கிடங்கு கிணற்றிலிருந்து வளவு விடும் தூரமெல்லாம் விலகட்டும். பைப் நீளட்டும், பரவாயில்லை. அடி பூசாத கிடங்கை விட, மூடிக் கட்டிய செப்ரிக் ராங்கியே நல்லது.

கடைசியாக, மொத்தத் தொகை பேசிய கொந்தராத்தா நாட்சம்பளமா? அளவு முன்கூட்டியே தெரிந்த புது வேலைக்குக் கொந்தராத்து நல்லது. பழைய கூரைக்கும் சுவருக்கும் நாட்சம்பளம்தான் பொருந்தும், ஏனென்றால் கழற்றும்வரை எவ்வளவு உக்கியிருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. தொகை பேசிக் கொடுத்தால் உக்கலின் மேலேயே ஓட்டை அடுக்கிவிட்டுப் போகத்தான் கை வரும். பக்கத்தில் நின்று பார்க்க ஆளில்லாமல் கொந்தராத்துக்கே கொடுக்க வேண்டியிருந்தால், கூரை வேலையை மாசி, பங்குனியில் தொடங்கி, கடைசித் தவணைக் காசை ஐப்பசியில் இரண்டு நல்ல மழை விழும்வரை கொடுக்க வேண்டாம். இதை முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.