ஷிப்ட் விடுதியா, சேர்ந்து வாழும் வீடா?

அம்மா போன பிறகு தம்பியை எங்கே விடுவது என்று ஒரு வருஷம் அலைந்தேன். அவனுக்கு 34 வயது, டவுன் சிண்ட்ரோம், அதாவது பிறவியிலேயே வரும் அறிவு வளர்ச்சிக் குறைபாடு. கடைசியில் இரண்டு இடங்கள் மிஞ்சின. ஒன்று, ஆட்கள் மூன்று ஷிப்டில் வந்துபோகும் பெரிய விடுதி. இன்னொன்று, உதவியாளர்களும் அங்கேயே தங்கி ஒரே சமையலைச் சாப்பிடும் சின்ன வீடு. வீட்டைத்தான் எடுத்தோம். அதனால் என் தராசு அந்தப் பக்கம் சாயும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கட்டணம், சாப்பாடு, சுத்தம் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் கலெக்டர் தலைமையிலான குழு தரும் காப்பாளர் சான்றிதழை இரண்டு இடத்திலும் கேட்டார்கள்.

இந்த மாதிரி வீடுகளுக்குப் பேர் வாங்கித் தந்தது, 1964-இல் பிரான்சில் ஜான் வனியே தொடங்கிய 'லார்ஷ்' என்ற அமைப்பு. இங்கே அதன் வீடுகளுக்கு 'ஆஷா நிகேதன்' என்று பெயர். 1970-இல் பெங்களூரில் ஆரம்பித்தது, சென்னையிலும் இருக்கிறது. வனியே இறந்த மறுவருஷம், 2020-இல், அவர் பெண்களிடம் பாலியல் அத்துமீறல் செய்தவர் என்று விசாரணையில் தெரியவந்ததை லார்ஷே வெளியிட்டது. அதைப் படித்ததிலிருந்து 'அன்பான சூழல்' என்ற பேச்சை நான் அப்படியே வாங்கிக்கொள்வதில்லை. இரண்டு இடத்துக்கும் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். விடுதியில் வரவேற்பறையோடு சரி. வீட்டில் அடுப்படி வரை விட்டார்கள். நாலு பேர் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்கள், அதில் மூன்று பேர் தம்பி மாதிரி.

ஆனால் முடிவைத் தீர்மானித்தது அதுகூட இல்லை. ஆள் மாறுகிற விஷயம்தான். தம்பிக்கு வயிறு வலித்தால் சொல்லத் தெரியாது, காதைப் பிடித்து இழுப்பான். விடுதியில் ஒரு மாதம் விட்டுப் பார்த்தபோது இதை நோட்டில் எழுதியே கொடுத்திருந்தேன். காலை ஷிப்ட் அம்மா படித்திருந்தார். ராத்திரி ஷிப்டுக்குப் புதிதாக வந்தவர் படிக்கவில்லை. நான் போனபோது பையன் நாலு நாளாக வெளிக்குப் போகாமல் கிடக்கிறான், காதில் சொட்டு மருந்து!

வீட்டிலும் உதவியாளர்கள் நிலையாக இருப்பதில்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம், அப்புறம் கல்யாணம், வேறு வேலை என்று கிளம்பிவிடுகிறார்கள். நான் பயந்ததும் அதற்குத்தான். ஆனால் அங்கே வசிப்பவர்கள் எங்கேயும் போவதில்லை. தம்பியின் அறையில் இருக்கும் அண்ணனுக்கு அது இருபது வருஷத்து வீடு. போன ஆடியில் வந்து சேர்ந்த உதவியாளர், தம்பி காதை இழுப்பதைப் பார்த்து டார்ச் எடுத்து வந்திருக்கிறார். அந்த அண்ணன் கட்டிலில் இருந்தபடியே, "காது இல்ல, வயிறு" என்றாராம். எந்த நோட்டு இதைச் செய்யும்?

தம்பி அங்கே போய் இரண்டு வருஷம்தான் ஆகிறது என்பதையும் சொல்லவேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு ஐம்பது வயதை ஒட்டியே மறதி நோய் வருவது சகஜம். விடுதியில் ராத்திரி நர்ஸ் உண்டு, சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் உண்டு. வீட்டில் இரண்டும் இல்லை. குளியலறைக்கு இரண்டு படி ஏற வேண்டும். அந்தப் படியில் அவனால் ஏற முடியாத நாள் வந்தால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. விடுதியின் நம்பரை இன்னும் போனில் வைத்திருக்கிறேன்.